மாதம் மிஞ்சுவது 23,265. ஆண்டில் மிஞ்சுவது 32,180

30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். வட்டி 8.5 சதவீதம். காலம் 20 ஆண்டு. மாதத் தவணை 26,035 ரூபாய். முதல் மாதம் கட்டும் தவணையில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 4,785. முதல் ஆண்டு முழுக்க 3,12,420 ரூபாய் கட்டிய பிறகும் கடன் குறைந்திருப்பது 59,700 ரூபாய்தான். ஐந்தாம் ஆண்டு முடிவில் 15.62 லட்சம் கட்டியிருப்போம், பாக்கி 26.44 லட்சம் நிற்கும். ஒரு தவணையில் வட்டியைவிட அசல் அதிகமாகக் கழிவது 143ஆவது தவணையிலிருந்துதான். அதற்குள் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டு ஓடிவிடும். பாதி அசல் தீர்வதற்கு 166 தவணை, அதாவது 13 ஆண்டு 10 மாதம். 240 தவணையையும் தவறாமல் கட்டி முடித்தால் மொத்தம் 62.48 லட்சம் கைமாறியிருக்கும். அதில் வட்டி மட்டும் 32.48 லட்சம்.

இந்த எண்களைப் பார்த்த யாருக்கும் கடனைச் சீக்கிரம் அடைக்கவேண்டும் என்ற வேகம் வரும். மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் போதும் என்பார்கள். கணக்கு சரிதான். முதல் மாதத்திலிருந்தே 26,035க்குப் பதில் 31,035 கட்டினால் கடன் 164 மாதத்தில் முடியும். 6 ஆண்டு 4 மாதம் மிச்சம், வட்டியில் 11.73 லட்சம் மிச்சம். கூடுதலாகக் கட்டிய தொகையோ 8.15 லட்சம்.

ஆனால் அந்த 5,000 எங்கிருந்து வரும்? கடன் கணக்கைப் பைசா சுத்தமாகப் போடுகிறவர்கள்கூட வீட்டுக் கணக்கை மாத அளவிலேயே நிறுத்திவிடுகிறார்கள். முன்கூட்டிக் கட்டும் திட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் உடைகின்றன. மாதக் கணக்கில் மிச்சம் தெரிகிறது, ஆண்டுக் கணக்கில் அது காணாமல் போகிறது. எப்படிக் காணாமல் போகிறது என்று ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துப் பார்ப்போம்.

திருச்சியில் ஒரு குடும்பம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிறார்கள். கைக்கு வரும் சம்பளம் 54,000மும் 31,000மும், ஆக 85,000. தீபாவளிக்கு இருவருக்கும் சேர்த்து 40,000 போனஸ். பதினொரு வயதில் மகன், ஏழு வயதில் மகள், கூடவே கணவனின் அம்மா. 42 லட்சத்துக்கு ஒரு தனி வீடு வாங்கினார்கள். 30 லட்சம் வங்கி கொடுத்தது, 12 லட்சம் கையிலிருந்து போட்டார்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 42 லட்சத்துக்கு அது 3,78,000 ரூபாய். இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு முத்திரைச் செலவையும் பதிவுச் செலவையும் வீட்டின் மதிப்பில் சேர்த்துக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி விதி இடம் தருவதில்லை. ஆகவே சேமிப்பிலிருந்து போனது மொத்தம் 15.78 லட்சம். புது வீட்டுக்குள் நுழையும்போது கையிருப்பு ஏறக்குறைய காலி. வீடு வாங்கிய பெரும்பாலான குடும்பங்களின் முதல் ஆண்டு இப்படித்தான் தொடங்குகிறது. ஆகவே கணக்கும் இங்கிருந்தே தொடங்கட்டும்.

மாதாமாதம் போகும் செலவு, ரூபாயில்:

வீட்டுக் கடன் தவணை – 26,035
மளிகை – 9,000
காய்கறி, பழம், மீன், கறி – 6,500
கைச்செலவு, வெளிச் சாப்பாடு – 4,000
இரண்டு வண்டிக்கும் பெட்ரோல் – 3,500
பள்ளி வேன் – 2,400
அம்மாவின் மருந்து – 2,200
பால் – 2,000
டியூஷன் – 2,000
வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குச் சம்பளம் – 2,000
செல்போன், இணையம் – 1,500
கேஸ் (ஆண்டுக்கு எட்டு சிலிண்டர் என்ற கணக்கில்) – 600
மொத்தம் – 61,735

85,000இல் 61,735 போக மிச்சம் 23,265. இந்த இடத்தில் நோட்டை மூடிவிடுகிறவர் மாதம் 5,000 என்ன, 10,000கூடக் கூடுதலாகக் கட்டலாம் என்று முடிவெடுத்துவிடுவார். முதல் இரண்டு மாதம் கட்டவும் செய்வார். ஜூன் வந்ததும் நகை அடகுக் கடைக்குப் போகும். ஏனென்றால் மாதக் கணக்கில் எங்கும் தென்படாத இன்னொரு வரிசை இருக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறையோ சில முறையோ வரும் செலவு:

இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், மூன்று டெர்ம் – 84,000
தீபாவளியும் பொங்கலும் – 40,000
குடும்ப மருத்துவக் காப்பீடு – 27,000
மொய், சீர் – 24,000
டெர்ம் இன்சூரன்ஸ் – 19,000
புத்தகம், சீருடை, ஷூ – 18,000
வீட்டில் பழுது, மோட்டார், வெள்ளை – 18,000
குலதெய்வம் கோயில், ஊர்ப்பயணம் – 15,000
கரண்ட் பில், ஆறு முறை – 12,600
பல், கண், திடீர்க் காய்ச்சல் – 12,000
வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ் – 11,000
சொத்து வரி, குடிநீர் வரி – 6,400
மொத்தம் – 2,87,000

இதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 23,917 ரூபாய். மாத மிச்சமான 23,265ஐவிட இது 652 ரூபாய் அதிகம். போனஸ் இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் ஆண்டுக்கு 7,820 ரூபாய் கடனில் நிற்கும். 40,000 போனஸைச் சேர்த்த பிறகு ஆண்டு முழுவதற்கும் உண்மையாக மிஞ்சுவது 32,180. மாதத்துக்கு 2,682 ரூபாய்.

இந்த வரிசையில் எதை வெட்டலாம் என்று உடனே கை நீளும். முதலில் மொய்யைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மொய் நோட்டு வைத்திருக்கும் ஊர்களில் அது கொடுக்கல் வாங்கல் கணக்கு. நம் வீட்டுக் காதுகுத்துக்கு 2,000 எழுதியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அதற்குக் குறையாமல் எழுதியாகவேண்டும். அதைச் செலவு என்று வெட்டுவது கடனைத் திருப்பித் தரமாட்டேன் என்று சொல்வதற்குச் சமம். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாட்கள் அதிகம் என்பது தெரிந்த விஷயம். அந்த மாதங்களுக்கு முன்கூட்டியே எடுத்துவைப்பதுதான் செய்யக்கூடியது. டெர்ம் இன்சூரன்ஸையும் மருத்துவக் காப்பீட்டையும் தொடவே கூடாது. சம்பாதிக்கிறவர் இல்லாமல் போனால் 30 லட்சம் கடனை யார் அடைப்பது? 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி நீங்கியிருக்கிறது. 46,000 ரூபாய் அடிப்படைப் பிரீமியத்துக்கு அது 8,280 ரூபாய். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் சலுகை உண்டு. சின்னத் தொகைதான், ஆனால் வருவதை ஏன் விடவேண்டும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், அது வராத மாதத்தில் பணம் இருப்பதுபோல ஒரு தோற்றம் ஏற்படும். நோட்டில் மாதம் 1,050 என்று எழுதிவைத்துவிட்டால் அந்தத் தோற்றம் போய்விடும்.

ஆகவே செய்யவேண்டிய முதல் வேலை கடனைத் தொடுவது அல்ல. ஆண்டுச் செலவுக்கென்று வேறு வங்கியில் தனிக் கணக்கு ஒன்று திறந்து, சம்பளம் வந்த மறுநாளே 23,265 ரூபாயை முழுக்க அங்கே மாற்றிவிடவேண்டும். ஏடிஎம் கார்டை வீட்டில் வைத்துவிடுவது நல்லது. எந்த மாதம் தொடங்குவது என்பதும் முக்கியம். ஏப்ரலில் தொடங்கினால் மே முடிய 46,530 சேரும். ஜூனில் முதல் டெர்ம் 28,000, புத்தகமும் சீருடையும் 18,000, ஆக 46,000 போய்விடும். மீதி 530 ரூபாய், நடுவில் ஒரு கரண்ட் பில்லும் அரையாண்டு வரியும் வந்திருக்கும். தீபாவளி முடிந்த கையோடு நவம்பரில் தொடங்கினால் மே மாதத்துக்குள் 1,62,855 ரூபாய் போட்டிருப்போம். பொங்கல், பிற டெர்ம் கட்டணம், காப்பீடு எல்லாம் அதிலிருந்து போனாலும் ஜூனைத் தாண்ட முடியும்.

இனி அந்த 32,180. இதை வைத்து ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்டலாமே என்று தோன்றும். 26,035 போக 6,145 மிஞ்சும். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் கடன் 16 ஆண்டு 9 மாதத்தில் முடியும். 3 ஆண்டு 3 மாதம் முன்னதாக. வட்டியில் 6.17 லட்சம் மிச்சம். கூடுதலாகக் கட்டியது 16 தவணை, 4.17 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு.

அப்படியிருந்தும் முதல் இரண்டு ஆண்டு அதைச் செய்யக்கூடாது என்றே சொல்வேன். வீட்டுக் கடனில் போட்ட பணம் திரும்பி வராது. அவசரத்துக்கு அதே வங்கியில் டாப்-அப் கடன் கேட்டால் வருமானச் சான்று கேட்பார்கள். வேலை போன மாதத்தில் அந்தச் சான்றை எங்கே போய் வாங்குவது? அடுத்த தவணை தேதியில் கணக்கில் பணம் இல்லாவிட்டால், போன ஆண்டு கூடுதலாகக் கட்டியதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

எவ்வளவு இருப்பு வேண்டும்? ஆறு மாதச் செலவு என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தின் மொத்தச் செலவு மாதத்துக்கு 85,652. ஆறு மாதத்துக்கு 5.14 லட்சம். ஆண்டுக்கு 32,180 மிஞ்சுகிற குடும்பம் அதைச் சேர்க்கப் பதினாறு ஆண்டு ஆகும். இந்த அறிவுரை இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டுக்குப் பொருந்தாது. ஒருவர் வேலை போனால் என்ன குறையும் என்றுதான் பார்க்கவேண்டும். நெருக்கடி மாதத்தில் நிறுத்த முடியாதவை தவணை 26,035, மளிகை 9,000, காய்கறி 6,500, பெட்ரோல் 3,500, மருந்து 2,200, பால் 2,000, செல்போன் 1,500, கேஸ் 600. கூட்டினால் 51,335. மனைவியின் வேலை போனால் கணவனின் 54,000 இதைத் தாங்கிவிடும். கணவனின் வேலை போனால் கையில் 31,000, துண்டு விழுவது 20,335. ஆறு மாதத்துக்கு 1,22,010 ரூபாய். பள்ளிக் கட்டணம் ஆண்டுச் செலவுக் கணக்கில் ஏற்கெனவே சேர்ந்து நிற்கும். ஆக இந்த வீட்டுக்குத் தேவையான இருப்பு 1.22 லட்சம், ஐந்து லட்சம் இல்லை. இருவரும் ஒரே நிறுவனத்திலோ ஒரே தொழிலிலோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நிற்கக்கூடும்.

இந்த இருப்பை ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடனில் போட்டுவைக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. பாரத ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் அந்த வகை. போட்டிருக்கும் பணத்துக்கு ஈடான கடனுக்கு வட்டி ஓடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த வகைக் கடனுக்கு வட்டி கால் சதவீதம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், 30 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 7,500 ரூபாய். 1.22 லட்சம் இருப்பு 8.5 சதவீதத்தில் மிச்சப்படுத்துவது 10,371. அதே பணம் 6.5 சதவீத வைப்பில் இருந்தால் 7,931 வரும். லாபம் 2,440, அதற்கு விலை 7,500. கையில் நாலைந்து லட்சம் எப்போதும் நிற்கிற வியாபாரிக்கு இது சரி. மாதச் சம்பளக் குடும்பத்துக்குச் சாதாரண வைப்பே போதும்.

வேறு கடன் இருந்தால் வரிசையே மாறும். கிரெடிட் கார்டில் 20,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் மாதம் 700 ரூபாய் போகிறது. அதே 20,000ஐ வீட்டுக் கடனில் கட்டினால் மாதம் மிச்சமாவது 142 ரூபாய். கார்டு பாக்கியை வைத்துக்கொண்டு வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டுகிற ஒவ்வொரு மாதமும் 558 ரூபாய் நட்டம். தனிநபர் கடன், கடைத் தவணை, தனியாரிடம் வைத்த நகைக் கடன் எல்லாம் இதே வரிசையில் வீட்டுக் கடனுக்கு முன்னால் தீரவேண்டியவை. வீட்டுக் கடன்தான் நம் வீட்டிலுள்ள கடன்களிலேயே மலிவானது. அது கடைசியில் நிற்கட்டும்.

இப்போது ஐந்தாண்டுக் கணக்கு. சம்பளமும் போனஸும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகின்றன, விலைவாசியும் அதே 6 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றாக ஏறினால் மிச்சம் அப்படியேதான் இருக்கும் என்று நினைப்போம். அப்படி இருக்காது, ஏனென்றால் 26,035 ஏறுவதில்லை. முதல் ஆண்டு வருமானம் 10,60,000. தவணை தவிர்த்த செலவு 7,15,400, தவணை 3,12,420, மிச்சம் 32,180. இரண்டாம் ஆண்டு மிச்சம் 52,856 ஆகும். மூன்றாம் ஆண்டு 74,773, நான்காம் ஆண்டு 98,004, ஐந்தாம் ஆண்டு 1,22,630. மாதம் 5,000 கூடுதலாகக் கட்டச் சொன்னார்களே, அதற்குத் தேவையான ஆண்டுக்கு 60,000 ரூபாய் இந்த வீட்டுக்கு மூன்றாம் ஆண்டில்தான் கிடைக்கிறது.

முதல் இரண்டு ஆண்டின் மிச்சம் 85,036. மூன்றாம் ஆண்டின் பாதியில் 1.22 லட்சம் இருப்பு நிறைந்துவிடும். அந்த ஆண்டு முடிவில் மீதி 37,799ஐக் கடனில் கட்டலாம். நான்காம் ஆண்டு முடிவில் 98,004, ஐந்தாம் ஆண்டு முடிவில் 1,22,630. மூன்று முறை கட்டியதில் மொத்தம் 2,58,433 ரூபாய். அதன் பிறகு ஒரு பைசா கூடுதலாகக் கட்டாவிட்டாலும் மீதமிருக்கும் 180 தவணை 147ஆகக் குறையும். 33 மாதம். வட்டியில் ஏறத்தாழ 6.10 லட்சம் மிச்சம். முதல் ஆண்டிலிருந்தே ஒவ்வோர் ஆண்டும் ஒரு தவணை கூடுதலாகக் கட்டி 16 ஆண்டில் பெறுகிற மிச்சத்தை, முதலில் இருப்பைச் சேர்த்துவிட்டு அடுத்த மூன்று ஆண்டில் கட்டியே இந்தக் குடும்பம் நெருங்கிவிடுகிறது.

செலவு 8 சதவீதம் ஏறி, சம்பளம் 6 சதவீதமே ஏறினால்? பள்ளிக் கட்டணம் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் இதையும் எழுதிப் பார்த்தாகவேண்டும். ஐந்தாண்டு மிச்சம் முறையே 32,180, 38,548, 44,153, 48,859, 52,512. கூட்டினால் 2,16,252. இருப்புக்கு 1,22,010 போகக் கடனுக்குக் கிடைப்பது 94,242 மட்டும். திட்டம் உடையவில்லை, மெதுவாகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் எங்கோதான் பெரும்பாலான குடும்பங்கள் இருக்கும்.

கட்டும்போது வங்கி ஒரு கேள்வி கேட்கும்: தவணைத் தொகையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா? முதல் ஆண்டு முடிவில் 1 லட்சம் கூடுதலாகக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். தவணையைக் குறைத்தால் 26,035 என்பது 25,149 ஆகும். மீதி 228 மாதத்தில் நிகர மிச்சம் 1.02 லட்சம். தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைத்தால் 18 மாதம் கழியும், மிச்சம் 3.70 லட்சம். கேட்காமலே தவணையைக் குறைத்துவிடும் இடங்களும் உண்டு. காலத்தைக் குறைக்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்து, புதிய தவணை அட்டவணையைக் கையோடு வாங்கிக்கொள்ளவேண்டும்.

அதே 1 லட்சத்தை ஐந்தாம் ஆண்டு முடிவில் கட்டினால் மிச்சம் 2.41 லட்சம். பத்தாம் ஆண்டில் 1.27 லட்சம், பதினைந்தாம் ஆண்டில் 50,000. இந்த எண்களைக் காட்டி, தாமதித்தால் பெருநட்டம் என்று பயமுறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது முழு உண்மை இல்லை. 3.70 லட்சம் என்பது பத்தொன்பது ஆண்டுக் கடைசியில் தெரிகிற தொகை. 50,000 என்பது ஐந்தாண்டில் தெரிகிற தொகை. இரண்டிலும் பணம் சம்பாதிப்பது அதே 8.5 சதவீதம்தான். கடனில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் வரியில்லாத 8.5 சதவீத வைப்பு என்று எடுத்துக்கொண்டால் குழப்பம் தீரும். பிறகு ஒப்பிடுவது எளிது. வங்கி வைப்பு 6.5 சதவீதம், கடனில் கட்டுவதே மேல். பிபிஎஃப் 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம், அங்கும் கடனே மேல். வருங்கால வைப்பு நிதிக்கு 2024–25க்கு 8.25 சதவீதம், ஏறத்தாழ சமம். ஏழு வயது மகளுக்குச் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதம், வரியும் இல்லை. பத்து வயது தாண்டினால் அந்தக் கணக்கைத் தொடங்க முடியாது. 0.3 சதவீத வித்தியாசத்துக்காக அதை விடக்கூடாது என்பது என் கருத்து. அந்தப் பணம் பெண்ணின் பெயரில் நிற்கும், அவள் படிப்புக்கு வரும், தவணை நெருக்கடியில் யாரும் அதில் கைவைக்க முடியாது. மாதம் 1,000 போட்டாலும் போதும், தொடங்கிவிடவேண்டும். தொடங்குகிற ஆண்டில் மிச்சம் 12,000 குறையும், இருப்பு நிறையச் சில மாதம் கூடுதலாகும்.

வரி விஷயத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம். 2025–26 நிதியாண்டில் புதிய வரிமுறையில் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு வருமான வரி இல்லை. இந்தக் கணவன் மனைவி இருவருமே அதற்குள் இருப்பதால் வீட்டுக் கடன் வட்டியைக் காட்டிக் குறைக்க எதுவும் இல்லை, 8.5 முழுதாக 8.5தான். பழைய முறையில் 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 2 லட்சம் வட்டிக் கழிவு செஸ்ஸோடு சேர்த்து 41,600 ரூபாய் மிச்சம் தரும். அவர் தனியாகக் கணக்குப் போடவேண்டும்.

வட்டி ஏறி இறங்குவதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் 20 ஆண்டுக் கடனில் வீட்டுக் கணக்கையே புரட்டிப்போடுவது அதுதான். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, கட்டப்பட்டிருக்கின்றன. ரெப்போ 2022 மே தொடக்கம் வரை 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.5. ஒன்பதே மாதத்தில் 2.5 ஏறியது. 6.75 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவரின் தவணை 22,811. வட்டி 9.25 ஆனபோது 30 லட்சத்துக்கு மாத வட்டி மட்டும் 23,125. அசல் கொஞ்சம் கழிந்திருந்தாலும், தவணையை ஏற்றாமல் விட்டிருந்தால் அசலுக்குப் போவது சில நூறு ரூபாய்தான். அப்படியிருந்தும் பலருக்குத் தவணை மாறவில்லை, காலம் மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா என்று கடன் வாங்கியவரை வங்கி கேட்கவேண்டும். கட்டிய அசல், கட்டிய வட்டி, மீதித் தவணை எத்தனை என்று காலாண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கையில் மீதித் தவணை எண்ணிக்கையை முதலில் பாருங்கள். 8.5 சதவீதம் 9.5 ஆகி, தவணை 26,035ஆகவே நின்றால் 240 மாதம் 309 மாதமாகும். ஐந்தே முக்கால் ஆண்டு கூடுதல்.

இறங்கும்போது இதன் மறுபக்கம் கிடைக்கும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5இலிருந்து 5.5க்கு வந்தது. 8.5 சதவீதக் கடன் தொடக்கத்திலேயே 7.5 ஆனால் தவணை 24,168ஆகக் குறையும். மாதம் 1,867 கைக்கு வரும். அதை வாங்கிக்கொள்ளாமல் பழைய 26,035ஐயே தொடர்ந்தால் கடன் 205 மாதத்தில் முடியும். வீட்டுச் செலவில் ஒரு ரூபாயும் வெட்டாமல் 35 மாதம் கழிகிறது. மாதம் 2,682 மட்டுமே மிஞ்சுகிற குடும்பத்துக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வட்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் தவணையைக் குறைக்கவேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் செலவு.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே வங்கிகளுக்கு உத்தரவிட்டது. நிலையான வட்டிக் கடன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கட்டவேண்டும். வங்கிகள் பொதுவாக அன்றன்றைய பாக்கிக்கு வட்டி போடுவதால், கட்டுவது என்று முடிவானால் மாதக் கடைசிக்காகக் காத்திருக்கவேண்டாம். போனஸ் வந்த வாரத்திலேயே, ஆண்டுச் செலவுக் கணக்கில் விழுந்த துண்டை நிரப்பிவிட்டு, மீதியைக் கட்டிவிடலாம். பணம் போனபின் அது அசலில் வரவு வைக்கப்பட்டதா, அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக நின்றுவிட்டதா என்று கணக்கு அறிக்கையில் பார்க்கவேண்டும். முன்பணமாக நின்றால் வட்டியில் மிச்சம் எதுவும் வராது.

கடைசித் தவணை முடிந்த பிறகும் இரண்டு வேலை மீதம் இருக்கும். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களை வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருந்தால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கே பதிந்துவிட்டு, புதிதாக வில்லங்கச் சான்று எடுத்து, கடன் தீர்ந்த பதிவு அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.